கேம் உருவாக்குநர் மாநாடுகளுக்கு ரசிகர்கள் செல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் கேம் துறையில் வேலை செய்பவன் என்று தெரிந்ததும், தமிழ் இளையர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன. கேம் உருவாக்குபவர்கள் கூடும் மாநாடுகளுக்கு, அவற்றை விளையாடுபவர்களும் செல்லலாமா என்பதே அது. கேட்டவர்களின் சொற்களிலேயே அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

துறை மாநாடு என்றால் என்ன? நான் பார்த்த கேம் கண்காட்சியும் இதுவும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு. கண்காட்சி என்பது விளையாடுபவர்களுக்காக நடத்தப்படுவது. புதிய கேம்களை விளையாடிப் பார்க்கலாம், வேடமணிந்து வரலாம், பொருள்கள் வாங்கலாம். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 முதல் நடக்கும் கேம்ஸ்காம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. துறை மாநாடு என்பது நிரலாளர்கள், ஓவியர்கள், ஒலி வடிவமைப்பாளர்கள், தயாரிப்பாளர்கள் ஆகியோர் தங்கள் வேலையைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காகக் கூடுவது.

இத்தகைய மாநாடுகளில் மிகவும் புகழ்பெற்றது ஜிடிசி எனப்படும் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ். 1988ல் கிறிஸ் கிராஃபர்ட் என்ற வடிவமைப்பாளர், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த தம் வீட்டு வரவேற்பறையில் இருபத்தைந்து பேருக்குச் சற்று அதிகமானோரை அழைத்துத் தொடங்கியது அது. இன்று சான் பிரான்சிஸ்கோவின் மொஸ்கோனி மையத்தில் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். கூட்டம் பெருகிய போதிலும், ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது என்ற நோக்கம் மாறவில்லை. டோக்கியோ கேம் ஷோ போன்ற சில நிகழ்ச்சிகள் துறையினருக்குச் சில நாள்களையும் பொதுமக்களுக்குச் சில நாள்களையும் ஒதுக்கி, இரண்டையும் ஒரே இடத்தில் நடத்துகின்றன. குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ரசிகர்கள் போகலாமா, கூடாதா?

விளையாடி மகிழவும் பிடித்தவர்களைப் பார்க்கவும் மட்டும் என்றால் போக வேண்டாம். கேம்கள் எப்படி உருவாகின்றன என்பதைக் கற்க வேண்டும் என்ற உண்மையான ஆர்வம் இருந்து, செலவையும் தாங்க முடிந்து, மற்றவர்களின் வேலை நேரத்துக்கு மதிப்புக் கொடுத்து நடந்துகொள்ள முடியும் என்றால் போகலாம். கதவு பூட்டப்படவில்லை. ஆனால் உள்ளே நடப்பது பிறருடைய வேலை. மீதமுள்ள பதில்கள் யாவும் இதன் விளக்கங்களே.

காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறேன். வரக்கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

உரிமை பற்றி நான் வழக்காடவில்லை. பல மாநாடுகளில் பதிவுப் படிவத்தில் நீங்கள் எங்கே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பொய் சொல்லாமல் நுழைய முடிந்தால், உங்கள் நுழைவுச்சீட்டு செல்லுபடியாகும். நான் கவலைப்படுவது உங்கள் வருகை அந்த அறைக்குள் எதை மாற்றும் என்பதைப் பற்றித்தான்.

இந்த மாநாடுகளின் மிகச் சிறந்த பகுதி, வெளிவந்த கேமில் எது தவறியது என்று அதை உருவாக்கியவர்களே மேடையேறிச் சொல்லும் உரைகள். எந்த அம்சத்துக்கு ஓராண்டு வீணானது, எந்த முடிவு குழுவை இரவும் பகலும் உழைக்கவைத்தது, கடைசி மாதத்தில் எதை வெட்டி எறிந்தார்கள் என்பதை எல்லாம் அங்கே கேட்கலாம். பதிவு செய்யப்படாத வட்டமேசைக் கலந்துரையாடல்களில் இன்னும் வெளிப்படையாகப் பேசுவார்கள். தன்னைப் போலவே அந்த வலியை அறிந்தவர்கள் மட்டுமே எதிரில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் அப்படிப் பேச முடிகிறது. எதிரில் இருப்பவர் அந்த வாக்கியத்தை மட்டும் கத்தரித்து, ‘உருவாக்குநரே ஒப்புக்கொண்டார்’ என்று அன்று மாலையே பதிவிடக்கூடும் என்ற அச்சம் வந்துவிட்டால், அடுத்த ஆண்டு அவர் வாய் திறக்க மாட்டார். அரங்கேற்றத்துக்கு யாரும் வரலாம். ஒத்திகையில் தடுமாறும் உரிமை கலைஞருக்கு வேண்டும். அந்த உரிமை பறிபோனால், அதன் இழப்பு நாளை நாம் விளையாடும் கேம்களில்தான் தெரியும்.

அங்கே போனால் புதிய கேம்களை எல்லாருக்கும் முன்பே விளையாடிப் பார்க்கலாமா?

பெரும்பாலும் முடியாது. கண்காட்சித் தளத்தில் கேம் எஞ்சின்கள் (கேம்களை உருவாக்கப் பயன்படும் அடித்தள மென்பொருள்கள்), ஒலிக் கருவிகள், மொழிபெயர்ப்புச் சேவைகள், சர்வர் வசதிகள், சோதனை நிறுவனங்கள் ஆகியவற்றின் சாவடிகளே நிறைந்திருக்கும். ஜிடிசியில் 1990களின் இறுதியிலிருந்து பெரிய நிறுவனங்களைச் சாராத குழுக்களின் சுதந்திர கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவும் நடக்கிறது. அதன் இறுதிச்சுற்றுப் படைப்புகளை விளையாடிப் பார்க்கலாம். 2011ல் மைன்கிராஃப்ட் அங்கே முதன்மைப் பரிசு பெற்றது. அந்த ஒரு மூலையைத் தவிர, விளையாடுவதற்கென்று செல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

எனக்குப் பிடித்த கேமை உருவாக்கியவர் அங்கே பேசுகிறார். நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதில் என்ன தவறு?

தவறே இல்லை, உரை முடிந்ததும் அதற்கென்றே சிறிது நேரம் விடுவார்கள். வரிசையில் நின்று, அவருடைய உரையைப் பற்றி ஒரு கேள்வியோ ஒரு நன்றியோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவர் தம் குழு மாதக்கணக்கில் போராடும் சிக்கலுக்கு விடை தேடி வந்தவராக இருக்கலாம். உணவருந்தும் இடத்திலும் கழிவறை வாசலிலும் மறித்துப் படம் எடுக்கக் கேட்பது, ஹோட்டலுக்குப் பின்தொடர்வது, கையெழுத்துக்காகப் பெட்டி நிறைய கேம் உறைகளைத் தூக்கிச் செல்வது ஆகியவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

உருவாக்குநர்களும் ரசிகர்கள்தானே? பிறகு ஏன் இந்தப் பிரிவினை?

ஆம், அவர்களும் ரசிகர்களே. நிண்டெண்டோவின் தலைவராக இருந்த மறைந்த சத்தோரு இவாட்டா, 2005ஆம் ஆண்டு ஜிடிசி உரையில், தம் பெயரட்டையில் தாம் நிறுவனத் தலைவர், மனத்தளவில் கேம் உருவாக்குநர், இதயத்தில் கேம் விளையாடுபவர் என்று சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த அரங்கில் இருந்த எவரும் அதை மறுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒருவர் அங்கே எந்த முகத்துடன் வருகிறார் என்பது முக்கியம். மருத்துவர்களும் நோயாளிகளாக இருந்திருப்பார்கள். அதனால் மருத்துவ மாநாடு நோயாளிகளின் சந்திப்பாகிவிடாது. தமக்குப் பிடித்த கேமை உருவாக்கியவர் அருகில் அமர்ந்திருந்தாலும், அவரிடம் வேலையைப் பற்றிப் பேசத் தெரிந்தவரைத்தான் அந்தச் சூழல் எதிர்பார்க்கிறது.

சிங்கப்பூரிலேயே ஒன்று நடந்ததே, அது என்ன ஆயிற்று? இப்போது பக்கத்தில் எங்கே போகலாம்?

நீங்கள் குறிப்பிடுவது கேம்ஸ்காம் ஏஷியா. கொலோன் நிகழ்ச்சியை நடத்துபவர்களே இங்கேயும் நடத்தினார்கள். 2023லும் 2024லும் சன்டெக் மாநாட்டு மையத்தில் நடந்தது. துறையினருக்கான வணிகப் பகுதியும் உரைகளும் ஒருபுறம், பொதுமக்கள் விளையாடி மகிழும் பகுதி மறுபுறம் என்று பிரிக்கப்பட்டிருந்தது. எம்ஆர்டியில் போய்வரக்கூடிய தூரத்தில் இரண்டையும் காண முடிந்தது நம் நல்வாய்ப்பு. 2025ல் அது தாய்லாந்து கேம் ஷோவுடன் இணைந்து பேங்காக்குக்குச் சென்றுவிட்டது. நமக்கு அது இழப்புதான் என்று நான் கருதுகிறேன்.

கோலாலம்பூரில் நடந்துவரும் லெவல் அப் கேஎல், பேருந்திலேயே செல்லக்கூடிய தூரத்தில் உள்ள துறை நிகழ்ச்சி. தமிழ்நாட்டுடன் தொடர்புள்ளவர்கள் ஐஜிடிசி எனப்படும் இந்திய கேம் உருவாக்குநர் மாநாட்டையும் கவனிக்கலாம். அது பல ஆண்டுகள் ஹைதராபாத்தில் நடந்தது. இவற்றில் எதற்குப் பதிவு செய்வதானாலும், பொதுமக்களுக்கான நாள் உண்டா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால் அந்த நாளே உங்களுக்கானது.

சான் பிரான்சிஸ்கோவுக்கே போகலாம் என்று காசு சேர்க்கிறேன். எவ்வளவு ஆகும்?

ஜிடிசியில் எல்லா உரைகளுக்கும் அனுமதி தரும் நுழைவுச்சீட்டின் விலை, அண்மை ஆண்டுகள் வரை 2,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. பெரும்பாலானோருக்கு அதை நிறுவனமே செலுத்தும். கண்காட்சித் தளத்துக்கு மட்டுமான சீட்டு சில நூறு டாலராகத்தான் இருந்தது. ஆனால் முன்பு சொன்னபடி, அங்கே இருப்பவை கருவிகளை விற்கும் சாவடிகள். 2026 முதல் நிகழ்ச்சியின் பெயரில் கேம் விழா என்ற பொருள் சேர்க்கப்பட்டு, நுழைவுச்சீட்டு முறையும் மாற்றப்பட்டுள்ளது. பெயரைப் பார்த்து அது ரசிகர் விழாவாகிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ 15 மணி நேரப் பயணம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் இணையவழிப் பயண அனுமதி போதும். இங்கே வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு அமெரிக்க விசா தேவை, அதற்கான காத்திருப்பு நீளலாம். மாநாட்டு வாரத்தில் அந்நகரின் ஹோட்டல் கட்டணம் கடுமையாக ஏறும். எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் வெள்ளி. ரசிகர் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து அவ்வளவு செலவிட வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். அந்தத் தொகையில் ஒரு நல்ல கணினி வாங்கி, ஏதாவது ஒன்றை உருவாக்கத் தொடங்கலாம்.

போகாமலேயே அந்த உரைகளைக் கேட்க வழி உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்திலேயே மிகவும் பயனுள்ள பதில் இதுதான். ஜிடிசி வால்ட் என்ற காப்பகத்தில் ஏராளமான உரைகள் உள்ளன; ஒரு பகுதி கட்டணத்துக்கு, ஒரு பகுதி இலவசம். ஜிடிசியின் யூடியூப் அலைவரிசையில் நூற்றுக்கணக்கான முழு உரைகளை இலவசமாகவே பார்க்கலாம். பேசியவரின் ஒப்புதலுடன் வெளியிடப்பட்டவை என்பதால், முன்பு நான் சொன்ன கவலையும் இங்கே இல்லை.

எதில் தொடங்குவது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சிவிலைசேஷன் கேம் தொடரை உருவாக்கிய சிட் மையர் 2010ல் ஆற்றிய உரை. அந்தத் தொடரின் ஒரு போரில் வெற்றி வாய்ப்பு மூன்றுக்கு ஒன்று என்று திரையில் காட்டப்படுகிறது. கணக்குப்படி நான்கில் ஒரு முறை தோற்க வேண்டும். ஆனால் தோற்ற ஆட்டக்காரர்கள் கணினி ஏமாற்றிவிட்டதாகவே உணர்ந்தார்கள். அதே வாய்ப்பு எதிரிக்குச் சாதகமாக இருந்து தாங்கள் வென்றால் மட்டும் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். முடிவில், ஆட்டக்காரர்களின் உணர்வுக்கு ஏற்ப அவர் கணக்கையே மாற்றினார். அந்த ஒரு மணி நேரம் கேட்ட பிறகு எந்த கேமிலும் தோல்வியைப் பழையபடி பார்க்க மாட்டீர்கள்.

அடுத்ததாக, செல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்ட் பற்றி நிண்டெண்டோ குழு 2017ல் பேசியது. மரம் தீப்பற்றுவதும் காற்று பொருள்களைத் தள்ளுவதும் சரிவர நடக்குமா என்று பார்க்க, 1986ஆம் ஆண்டின் முதல் செல்டாவைப் போன்ற தட்டையான முன்மாதிரி ஒன்றை உருவாக்கிச் சோதித்ததை அதில் காட்டினார்கள். டூம் கேம் பற்றி அதை உருவாக்கியவர்களில் ஜான் ரொமெரோவும் டாம் ஹாலும், பேக்மேன் பற்றி அதை உருவாக்கிய தோரு இவாத்தானியும் 2011ல் ஆற்றிய உரைகள் பழைய வரலாறு விரும்புவோருக்கு ஏற்றவை.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கேம் உருவாக்கம் படிக்கிறேன். நான் ரசிகனா, துறையினனா?

நீங்கள் துறையைச் சேர்ந்தவர்தான், தயங்காமல் செல்லுங்கள். பல மாநாடுகள் மாணவர்களுக்குக் குறைந்த விலைச் சீட்டு தருகின்றன. ஜிடிசியில் தொண்டூழியர்களாகச் சில மணி நேரம் உழைப்பவர்களுக்கு உரைகளைக் கேட்கும் அனுமதி தரும் திட்டமும் உண்டு. ஆனால் கையில் ஒரு படைப்புடன் செல்லுங்கள். சிறியதானாலும் முடிக்கப்பட்டதாக இருக்கட்டும்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் 2005ல் நார்பாகுலர் டிராப் என்ற சிறு கேமை உருவாக்கினார்கள். கல்லூரியின் வேலைவாய்ப்பு நாளில் அதைக் கண்ட வால்வ் நிறுவனத்தார் குழுவை அழைத்து வேலை கொடுத்தார்கள். 2007ல் வெளிவந்த போர்ட்டல் என்ற கேம் அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததே. டிஜிபென்னுக்குச் சிங்கப்பூரிலும் 2008 முதல் வளாகம் உண்டு. யூபிசாஃப்ட் கேம் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கேட் குவெஸ்ட் என்ற கேமை உருவாக்கிய தி ஜென்டில்பிரோஸ் போன்ற சிறு குழுக்களும் இங்கேயே இருக்கின்றன. காட்ட ஒன்று இருந்தால், பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

தேசிய சேவை முடிந்துவிட்டது. இதுவரை எதுவும் உருவாக்கியதில்லை, ஆனால் துறையில் சேர ஆசை. மாநாட்டுக்குப் போனால் வேலை கிடைக்குமா?

அதை நம்பிப் போக வேண்டாம். 2023 முதல் உலகெங்கும் கேம் நிறுவனங்கள் பெருமளவில் ஆள்குறைப்பு செய்திருக்கின்றன. பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே அங்கே வேலை தேடி வருகிறார்கள். ஆசை மட்டும் வைத்திருப்பவர் அவர்களுக்கு நடுவே எடுபடுவது கடினம்.

அதற்குப் பதிலாக, குளோபல் கேம் ஜேம் நிகழ்ச்சியில் சேருங்கள். 2009 முதல் ஆண்டுதோறும் ஜனவரி இறுதிவாக்கில் உலகின் பல நகரங்களில் நடக்கிறது. சிங்கப்பூரிலும் இதற்கான தளங்கள் இருந்துள்ளன. முன்பின் தெரியாதவர்களுடன் சேர்ந்து சில நாள்களுக்குள் ஒரு கேமை முடிக்க வேண்டும். அனுபவம் கேட்பதில்லை. அங்கே நீங்கள் சந்திப்பவர்களில் சிலர் ஏற்கெனவே துறையில் இருப்பவர்கள். உங்களுடன் தூக்கம் கெட்டு உழைத்தவர் உங்களை மறக்க மாட்டார்.

யூடியூபில் கேம்களைப் பற்றித் தமிழில் பேசுகிறேன். ஊடகவியலாளர் என்று பதிவு செய்யலாமா?

ஏற்பாட்டாளர்கள் கேட்கும் தகுதிகள் உங்களுக்கு இருந்தால் தாராளமாகச் செய்யலாம். தமிழில் துறையைப் பற்றிப் பொறுப்புடன் பேசுபவர்கள் தேவை. ஆனால் ஊடக அட்டை கழுத்தில் தொங்கும்போது நீங்கள் ரசிகர் அல்லர். வெளியிடத் தடையுள்ள தகவலைத் தடை நீங்கும் வரை காக்க வேண்டும், பதிவு செய்யக்கூடாத அறையில் கைப்பேசியைப் பையில் வைக்க வேண்டும், பக்கத்து மேசையில் காதில் விழுந்ததைச் செய்தியாக்கக்கூடாது. இலவசமாக உள்ளே நுழைய ஒரு வழி என்று மட்டும் எண்ணி இதைச் செய்பவர்களால், உண்மையாக எழுதுபவர்களுக்கும் கதவு அடைபடுகிறது.

தம்பி, என் மகனுக்கு 15 வயது. எப்போதும் கேம்தான். இப்படி ஒரு மாநாட்டுக்கு அழைத்துப் போனால் அவனுக்கு நல்லதா?

அம்மா, அவனுடைய ஆர்வத்தை நீங்கள் பொருட்படுத்துவதே நல்ல தொடக்கம். ஆனால் துறை மாநாடுகள் பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை. வயது வரம்பை முதலில் பாருங்கள். பொதுமக்களுக்கான கண்காட்சிகளிலும்கூட, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் எம்18 (18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான) தரநிலை பெற்ற கேம்கள் இருக்கும் பகுதிக்கு அவன் செல்ல முடியாது.

இப்போதைக்கு, மேலே சொன்ன யூடியூப் உரைகளில் ஒன்றை அவனுடன் சேர்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும், ‘இதை எப்படிச் செய்தார்கள்?’ என்று அவன் கேட்கிறானா, ‘அடுத்த பாகம் எப்போது வரும்?’ என்று கேட்கிறானா என்பதைக் கவனியுங்கள். முதல் கேள்வி வந்தால், பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் பொது வரவேற்பு நாளுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நான் காசு கொடுத்து வாங்கிய கேமில் பெரிய குறை. உருவாக்கியவரை நேரில் பிடித்துக் கேட்டால் என்ன?

உங்கள் முறையீடு நியாயமாகவே இருக்கலாம். இடமும் ஆளும் பொருந்தாது. சாவடியில் நிற்பவர் ஒலிப்பிரிவின் இளநிலை ஊழியராக இருக்கலாம். கேமை முடிக்குமுன் வெளியிடுவது என்று முடிவெடுத்தவர் அவராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு; அந்த முடிவால் உங்களைவிட அதிகம் வருந்தியவராகவும் இருக்கலாம். இணையத்தில் ஆட்டக்காரர்களின் வசைகளையும் மிரட்டல்களையும் சந்தித்த உருவாக்குநர்கள் பலர். நேரில் ஒருவர் கோபத்துடன் நெருங்கும்போது அவர்கள் அஞ்சுவது இயல்பு.

பணத்தைத் திருப்பிக் கேட்பதும், எப்போது, எந்தச் சாதனத்தில், என்ன செய்தபோது குறை தோன்றியது என்று தெளிவாக எழுதி அனுப்புவதும் பலன் தரும். அத்தகைய அறிக்கையை மேலாளரிடம் காட்டித்தான் திருத்தத்துக்கு நேரம் வாங்குவார்கள்.

ரசிகர்களை ஒதுக்கிவைத்தால், துறை தனக்குள்ளேயே பேசிக்கொண்டு முடங்கிவிடாதா?

இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கும் கேள்வி. லாஸ் ஏஞ்சலிஸில் 1995ல் தொடங்கிய இ3 என்ற கேம் கண்காட்சி, நெடுங்காலம் துறையினருக்கும் ஊடகத்துக்கும் மட்டுமானது. 2017ல் பொதுமக்களுக்கு 15,000 சீட்டுகள் விற்றார்கள். வணிகச் சந்திப்புக்கு வந்தவர்கள் நெரிசலில் சிக்கினார்கள். ரசிகர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளைச் சொந்த இணைய ஒளிபரப்புக்கு மாற்றிக்கொண்டதும் கொவிட் காலமும் சேர்ந்து, 2023 டிசம்பரில் இ3 நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. ரசிகர்களால் அது வீழவில்லை. ரசிகர்களைச் சேர்த்ததால் அது பிழைக்கவுமில்லை. இருவருக்கும் ஏற்ற ஏற்பாடு இல்லாமல் கதவை மட்டும் திறந்தால் இருவருக்குமே நன்மையில்லை என்பதே என் கருத்து.

முடங்கிவிடும் ஆபத்து உண்மைதான். ஆகவே விளையாடுபவர்களின் அறிவு அந்த அறைக்குள் வர வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர்களை அழைத்து மேடையில் பேசவைக்க வேண்டும். உடற்குறையுள்ள ஆட்டக்காரர்கள் கட்டுப்பாடுகளைப் பற்றிச் சொல்வதை வேறு எவராலும் சொல்ல முடியாது. கவுண்டர் ஸ்டிரைக் என்ற கேம்கூட, 1999ல் ஹாஃப் லைஃப் என்ற கேமின் ரசிகர்கள் இருவர் ஓய்வு நேரத்தில் செய்த அதன் மாற்று வடிவமாகத்தான் தொடங்கியது. ரசிகர் உருவாக்குநராகும் பாதை எப்போதும் திறந்தே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. தமிழில் கேம்கள் வர வேண்டும் என்று கேட்க அங்கே போகலாமா?

இதற்காக என்றால், ரசிகராகவே போங்கள் என்று சொல்வேன். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ். ஆனாலும் பெரிய கேம்களின் மொழிப் பட்டியலில் அதைக் காண்பது அரிது. சந்தை சிறியது என்பார்கள். தொழில்நுட்பக் காரணமும் உண்டு: தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்ட எஞ்சினுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லாத இடத்தில், எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், ‘கொ’ சிதறிவிடும். 2023ல் வெளிவந்த கோடோ 4 என்ற எஞ்சின், ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நிரலகத்தைப் பயன்படுத்துவதால் இதைச் சரியாகக் கையாள்கிறது. எல்லாக் கருவிகளும் அந்த நிலையை எட்டிவிடவில்லை.

எனவே, ‘தமிழில் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு கருவியில் தமிழ் வரிகளைத் தட்டச்சு செய்து, எங்கே உடைகிறது என்பதைப் படம் எடுத்து, சரியான வடிவத்தையும் அருகில் வைத்து, அந்த எஞ்சின் நிறுவனத்தின் சாவடிக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே இருக்கும் பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. எது பிழை என்று சொல்ல அவருக்கு ஒருவர் வேண்டும். அவருடைய பெயரட்டையை வாங்கிக்கொண்டு, ஊர் திரும்பியதும் அதே படங்களை மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள்.